வாட்ச் கடைக்காரர் இடுப்பில் காந்தம்

786

கம்பம்,
25.10.2003

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மைத்துனன் இத்ரீஸுக்கு, உன் அக்கா அம்சத் பீவியின் கணவனும் கம்பம் கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுமான சேக் பரீத் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல ரஹ்மானின் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உன் உடம்பும், ரெஹானாவின் உடம்பும், பிள்ளை அப்ரினின் படிப்பும் அதே கிருபையில் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். பிறை தெரிந்தால் நாளை மறுநாள் முதல் நோன்பு.

நிற்க. "மச்சான், நான் அனுப்புன காந்தம் எப்படி இருக்கு?" என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. விஷயம்தான் போனில் சொல்லி முடிகிற நீளத்தில் இல்லை. அதனால் கடையை அரை நாள் அடைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

என் இடுப்பு வலி உனக்குப் புதிதில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன மிஞ்சும்? நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு மூன்று தவணை ஆகும். முதல் தவணையில் மேஜையைப் பிடிப்பேன், இரண்டாவதில் பாதி எழுந்து அப்படியே நிற்பேன், மூன்றாவதில் "யா அல்லாஹ்" என்று நிமிர்வேன். தேனியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு தேய்மானம், நிமிர்ந்து உட்காருங்கள், ஒரே இடத்தில் உட்காராதீர்கள் என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தால் வாட்ச் தெரியாது, நடந்துகொண்டே இருந்தால் ஸ்க்ரூ கிடைக்காது. ஒத்தடம், மாத்திரை, வர்மம், தரையில் படுப்பது எல்லாம் ஆயிற்று. கடைசியாக அனுமந்தன்பட்டி வைத்தியர் மலைச்சாமியின் எண்ணெயும் வாங்கி வந்தேன். அந்தச் சமயத்தில்தான், ஜூலையில், லீவில் ஊருக்கு வந்த உன் சிநேகிதர் உன் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிரித்தால், பெரிய கோட்டுப் பொத்தான் மாதிரி பன்னிரண்டு கறுப்பு வில்லைகள். கூட ஒரு இருபத்தி நாலு பக்கப் புத்தகம். உன் பாசம் எனக்குத் தெரிகிறது, இத்ரீஸ். ஆனால் வாட்ச் ரிப்பேர்காரன் வீட்டுக்குக் காந்தம் அனுப்புவது, பஞ்சு மில்லுக்குத் தீப்பெட்டி அனுப்புகிற மாதிரி. சாவி கொடுக்கிற வாட்சுக்குள்ளே மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் சுருண்டிருக்கும். அதில் காந்தம் ஏறினால் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் கண்மண் தெரியாமல் முன்னால் ஓடும். அதனால், "இந்தச் சனியனை முதல்ல வீட்டை விட்டு வெளிய போடு அம்சத்" என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவளும் "சரிங்க" என்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் "சரிங்க" சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. ரத்தத்தில் இரும்புச்சத்து இருக்கிறது, காந்தம் அதை இழுத்து வலியுள்ள இடத்தில் ரத்த ஓட்டத்தைப் பெருக்குகிறது என்று ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தது. அப்படியென்றால் கண்ணால் பார்க்க முடிய வேண்டுமே? வில்லைகளை வெளியே போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை என்று, விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் விட்டு, லென்ஸை மாட்டிக்கொண்டு அடியில் காந்தத்தை இப்படியும் அப்படியும் ஓட்டினேன். அசையவில்லை. ஒருவேளை என் ரத்தத்தில் இரும்பு குறைவோ என்று, சமையலுக்கு ஆய்ந்து வைத்திருந்த முருங்கைக்கீரையில் நாலு இலையை வைத்துப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. உன் அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கீரையைக் காந்தத்துல வச்சுப் பாக்குறாக. எண்ணெயும் வேணாம், காந்தமும் வேணாம், இவுகளுக்கு வைத்தியமே வேற" என்றாள். வில்லைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அத்தோடு காந்தத்தை நானும் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் பாதி போனபோது ஓர் ஆச்சரியம். ஒருநாள் மதியம் கடையில் லுஹர் பாங்கு கேட்டதும் எழுந்தேன். எழுந்து பள்ளிவாசல் வரை போன பிறகுதான், மேஜையைப் பிடிக்காமலே எழுந்து வந்திருக்கிறோம் என்று உறைத்தது. மறுநாள் கிணற்றடியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தேன். அதற்கடுத்த வாரம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பினேன். எனக்கு வாயைக் கட்ட முடியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மலைச்சாமியின் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். பத்துப் பேருக்குக் குறையாமல் அனுமந்தன்பட்டிக்குப் போயிருக்கிறார்கள். மலைச்சாமியே ஒருநாள் கடைக்கு வந்து, "பாய், இத்தனை வருஷமா எண்ணெய் காச்சுறேன், இப்படி ஒரு கேஸுக்குக் கேட்டது இதுதான் மொத தடவை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடுப்பு சரியான அதே வாரத்தில் வாட்சுகள் கெட ஆரம்பித்தன. முதலில் வந்தவர் தங்கபாண்டி, தேனி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "பாய், நீங்க ரிப்பேர் பாத்த வாட்ச் எனக்கு முன்னாடி ஓடுது. காலையில எட்டு நிமிஷம் முந்தியே விசிலடிச்சு வண்டிய எடுத்துட்டோம். சின்னமனூர்ல, எங்களுக்கு முன்னாடி போக வேண்டிய வண்டிக்காரன் பின்னாடியே வந்து, என் ஆளுகளையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போறியான்னு சட்டையப் பிடிச்சுட்டான்" என்றார். அவரை அனுப்புவதற்குள் மகிமா டீச்சர் வந்தார். பரீட்சை ஹாலில் தன் வாட்சைப் பார்த்துப் பிள்ளைகளிடம் ஆறு நிமிஷம் முன்னதாகப் பேப்பரைப் பிடுங்கிவிட்டாராம், பிள்ளைகள் ஒப்பாரி வைத்துவிட்டார்களாம். "அண்ணே, ஒரு பய கடைசிக் கணக்குல பாதியில நிக்கிறான். எம்மூஞ்சியவே பாக்குறான். எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல" என்றார்.

இவர்களாவது பரவாயில்லை. மூன்றாவதாக வந்தவர் பள்ளிவாசல் மோதினார். அவருடைய வாட்ச் அவருடைய அத்தா காலத்தது, அதைப் பார்த்துத்தான் அவர் பாங்கு சொல்லுவார். அன்று அஸர் முடிந்து டீ குடித்து வருவதற்குள் சூரியன் மறைகிற மஃரிபு நேரம் வந்துவிட்டதே என்று மைக்கைக் கையில் எடுத்துவிட்டாராம். நல்லவேளையாக இமாம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். மோதினார் கோபப்படவில்லை. கல்லாப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, "பரீத் பாய், இன்னும் அஞ்சு வாரத்துல நோன்பு" என்று மட்டும் சொன்னார். யோசித்துப் பார். நோன்பு மாதத்தில் இந்த வாட்ச் பத்து நிமிஷம் முந்தி ஓடி, பாங்கு சொல்லி, தெரு முழுக்கச் சூரியன் மறையும் முன்னே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் அத்தனை பேருடைய நோன்பும் என் கழுத்தில் அல்லவா விழும்?

அன்றே மூன்று வாட்சையும் பிரித்தேன். காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு சின்னத் திசைகாட்டி உண்டு. வாட்சுக்கு மேலே அதைப் பிடித்தால், காந்தம் ஏறியிருந்தால் முள் ஆடும். மூன்று வாட்சிலும் முள் பேய் பிடித்த மாதிரி ஆடியது. காந்தத்தை இறக்குகிற மிஷினில் வைத்துச் சுத்தம் செய்தேன், முள் அடங்கியது. பிறகு வழக்கம்போல மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உனக்குத்தான் தெரியுமே, ரிப்பேர் முடிந்த வாட்சை ஒரு இரவு என் கண்காணிப்பில் ஓட விடாமல் யாரிடமும் கொடுக்க மாட்டேன். கைலிக்கு மேல் கட்டுகிற என் பச்சை பெல்ட்டின் முன்பக்கப் பையில் போட்டுக்கொண்டு போவேன். வீட்டில் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் ரேடியோ மணியோடு ஒத்துப் பார்ப்பேன். காலையில் பார்த்தால் மூன்றும் மறுபடி முந்தியிருக்கின்றன! கடையிலேயே விட்டுவிட்டு வந்த இன்னொரு வாட்ச் மட்டும் ஒரு நொடி பிசகாமல் ஓடுகிறது. அப்படியென்றால் கோளாறு கடையில் இல்லை, வீட்டில்தான் என்று தெரிந்துவிட்டது.

திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். டிவிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன், முள் திரும்பியது. சரி, ஸ்பீக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். அடுப்படியில் மிக்ஸிக்கு முன்னால் நின்றேன், அங்கேயும் திரும்பியது. உடைந்த குடையும் பழைய பாயும் தவிர ஒன்றுமே இல்லாத பின்கட்டில் நின்றேன், அங்கேயும் திரும்பியது! கிணற்றடிக்குப் போனேன். கிழக்கே பார்த்து நின்றேன், முள் என் பக்கம் பார்த்தது. மேற்கே திரும்பினேன், அப்போதும் என் பக்கம்தான் பார்த்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன், முள்ளும் என் கூடவே சுற்றி வந்தது. மாப்பிள்ளை, ஐம்பத்தாறு வயதில் வடக்குத் திசை என் இடுப்பில் இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். பெல்ட்டைக் கழற்றித் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். முள் சாதுவாக வடக்கே அனுமந்தன்பட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

பெல்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "அம்சத், இந்த பெல்ட்டுக்குள்ள என்ன இருக்கு?"

"உங்க இடுப்பு இருக்கும்" என்றாள், அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"விளையாடாத. உள்பக்கம் புதுத் தையல் போட்டிருக்கு."

"ஆமா, நான்தான் போட்டேன். வில்லைய வச்சுத் தச்சேன். என் தம்பி கடல் தாண்டி அனுப்புனத குப்பையில போடச் சொல்லுவீக, நான் போடணுமாக்கும்? ஒன்றரை மாசமா ஒரு முனகல் இல்லாம எந்திரிக்கிறீகளே, அது எதுனால?"

"மலைச்சாமி எண்ணெய்னால."

"அந்த எண்ணெய் மூணாம் நாளே பாட்டிலோட விழுந்து உடைஞ்சு போச்சு. நீங்க தடவிக்கிட்டு இருக்கறது நான் ஊத்தி வச்ச தேங்கா எண்ணெய்."

கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா, அனுமந்தன்பட்டிக்குப் போய் மலைச்சாமியிடம் உண்மையைச் சொல்வதா என்று தெரியாமல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளே பக்கத்தில் வந்து, "வாட்ச் கெட்டுப் போகும்னு எனக்குத் தெரியாதுங்க. பின்னாடிதான தச்சேன், வாட்ச் முன்னாடிதான இருக்கு" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். கட்டியிருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் என் வயிறு இருக்கிறது. சுருட்டி வைக்கும்போதுதான் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மூன்று பேரையும் தேடிப் போய் நடந்ததைச் சொல்லி, சரிசெய்த வாட்சைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். தங்கபாண்டி, "அது கெடக்கட்டும் பாய், நாள் பூரா நின்னே போறோம். அந்த காந்தம் எங்க கெடைக்கும்?" என்றார். மகிமா டீச்சர் தன் முட்டிக்குக் கேட்குமா என்றார். அந்தப் பேப்பர்களைத் திருத்தும்போது எல்லாருக்கும் கடைசிக் கணக்குக்கு முழு மார்க் போட்டுவிட்டதாகவும் சொன்னார். மோதினார், பெல்ட்டை ஒருநாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். எல்லாருக்கும் எங்கேயோ ஒரு வலி இருக்கிறது. நாமாகக் கேட்கும்வரை அவர்கள் சொல்வதில்லை.

இப்போது எனக்கு ஒரே கேள்விதான். குணமாக்கியது காந்தமா, இல்லையா? மலைச்சாமியின் எண்ணெய் விஷயத்தில் தெரியாமல் பத்துப் பேரை அனுப்பியவன், காந்த விஷயத்திலும் அப்படிச் செய்யக் கூடாது அல்லவா? அதனால் முறையாகச் சோதனை செய்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். குளியலறையில் மிச்சம் கிடந்த டைல்ஸை உடைத்து, மூன்று நாள் கல்லில் தேய்த்து, காந்த வில்லையின் அதே அளவில், அதே கனத்தில் பத்து வில்லை செய்தேன். ஏன் பத்து என்று கேட்பாய். பெல்ட்டைப் பிரித்துப் பார்த்தபோது பத்துக் காந்தம்தான் இருந்தது. மிச்சம் இரண்டு எங்கே என்றேன், எங்கேயாவது விழுந்திருக்கும் என்றாள். இரண்டு சீட்டில் "காந்தம்" என்றும் இரண்டு சீட்டில் "ஓடு" என்றும் எழுதி ஒரு டப்பாவில் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்சத் ஒரு சீட்டை எடுத்து, எனக்குக் காட்டாமல், அதன்படி வில்லையை மாற்றித் தைக்க வேண்டும். எந்த வாரம் எது என்று ஒரு தாளில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். ஆணியோ ஸ்க்ரூவோ ஒட்டி எனக்குத் துப்புக் கொடுத்துவிடாமல் இருக்க, பெல்ட்டின் வெளிப்பக்கம் கனத்த ஜமுக்காளத் துண்டை இரண்டு மடிப்பாக வைத்துத் தைக்கச் சொன்னேன். வாட்சுகள் கடையிலேயே தங்கும். திசைகாட்டியைக் கையால் தொட மாட்டேன் என்று நானே எனக்குச் சத்தியம் செய்துகொண்டேன். தினமும் சாயங்காலம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நோட்டில் எழுதினேன்.

எத்தனை சிரமம் தெரியுமா? இரண்டாவது வாரம் திசைகாட்டி இருந்த டிராயரை நான் பதினேழு தடவை திறந்து மூடியிருக்கிறேன். ஒரு தடவைகூட எடுக்கவில்லை. உன் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முயன்றேன். அது வாட்சைவிடக் கஷ்டம். "இந்த வாரம் கொஞ்சம் கனமா இருக்கே?" என்று சும்மா போட்டுப் பார்த்தேன். "சாப்பாட்டைக் குறைங்க" என்றாள்.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்து தாளை எடுத்தோம். முதல் வாரம் ஓடு, அடுத்தது காந்தம், பிறகு ஓடு, கடைசியில் காந்தம். என் நோட்டைப் பிரித்து மார்க்கைக் கூட்டிச் சராசரி பார்த்தால் மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. பார்த்தாயா? நாலு வாரமும் ஒரே சுகம். ஓடு வைத்தாலும் சுகம், காந்தம் வைத்தாலும் சுகம். சொல்லப்போனால் ஓடு ஒரு மார்க் உசத்தி! அப்படியென்றால் வேலை செய்தது காந்தம் இல்லை. பிறகு எது? இதையும் கண்டுபிடித்துவிட்டேன். நான் கூனி உட்காரும்போதெல்லாம் பின்னால் இருக்கிற வில்லை சுருக்கென்று குத்துகிறது, உடனே நிமிர்ந்துவிடுகிறேன். தேனி டாக்டர் வாயால் சொன்னதை இந்த வில்லை குத்திக் குத்திச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இனிமேல் நீ காந்தம் எதையும் அனுப்ப வேண்டாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க நான் டைல்ஸ் வில்லை தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். மோதினாருக்கு இன்று காலை பத்து வில்லை கொடுத்தாயிற்று. அவருடைய வாட்ச் ஒரு மாதமாக ரேடியோவோடு ஒத்து ஓடுகிறது, நோன்பைப் பற்றி இனி எனக்குப் பயமில்லை. இருபத்தி நாலு பக்கம் புத்தகம் போட்டவர்கள் கண்டுபிடிக்காததைக் கம்பத்தில் ஒரு வாட்ச்காரன் ஒரு நோட்டில் கண்டுபிடித்திருக்கிறான் என்று நீ அங்கே நாலு பேரிடம் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ரெஹானாவுக்கு எங்கள் ஸலாம். அப்ரினுக்கு மாமாவின் முத்தங்கள். நோன்பில் எங்களையும் உன் துஆவில் சேர்த்துக்கொள். அல்லாஹ் உன் தொழிலில் பரக்கத்தையும் உன் இடுப்புக்கு வலிமையையும் தருவானாக. அஸர் பாங்கு கேட்கிறது. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும்படி உன் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
சேக் பரீத்

பி.கு: தம்பி இத்ரீஸு, அக்கா எழுதுறேன். உன் மச்சான் தொழுகைக்குப் போயிருக்காக, வர்றதுக்குள்ள எழுதி ஒட்டணும். அவுக எழுதுனத எல்லாம் படிச்சேன். நீ நம்பிறாத. நாலு வாரமும் நான் காந்தத்தை வெளிய எடுக்கவே இல்ல. முத வெள்ளிக்கிழமை சீட்டுல ஓடுன்னுதான் வந்துச்சு. ஓட்டை வச்சுத் தச்சு, இவுக பழையபடி மடங்கி உக்காந்துட்டா யாரு தூக்கி நிறுத்துறது? நான்தான தூக்கணும். அதனால காந்தத்தையே திரும்ப வச்சுத் தச்சுட்டு, அப்புறம் தையலைப் பிரிக்காம, தாளுல மட்டும் சீட்டுல வந்தபடி எழுதி வச்சேன். இவுக வந்து ஓடு ஒரு மார்க் உசத்தின்னு சொல்றப்ப சிரிப்ப அடக்க முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன். நீ இதை அவுகட்ட சொல்லிராத, பாவம், ரொம்ப சந்தோசமா இருக்காக.

ஆனா எனக்கும் இது புரியல தம்பி. காணாமப் போன ரெண்டு காந்தம் எங்க இருக்குன்னா, எம் பாவாடை நாடா மடிப்புக்குள்ள இருக்கு. ஆகஸ்ட்ல இருந்து வச்சிருக்கேன். எனக்கு ஒரு சொட்டுகூட வலி குறையல. அவுகளுக்குக் கேக்குது, எனக்கு ஏன் கேக்கல? ரெண்டு பத்தாதா, இல்ல ஆம்பளைகளுக்கு மட்டும்தான் கேக்குமா? அங்கன படிச்சவுக யாராவது இருந்தா விசாரிச்சு எழுது. எனக்கும் இடுப்பு வலிதான், ரெண்டாவது பிரசவத்துல இருந்து. யார்ட்டயும் சொன்னதில்ல, யாரும் கேட்டதுமில்ல. அடுத்த தடவை போன் பண்றப்ப, அக்கா இடுப்பு எப்படி இருக்குன்னு நீ கேளு. அவுகதான் போனை எடுப்பாக, அவுகட்டயே கேளு.